பெரும்பாக்கத்தில் வீடு, பத்ரியன் தெருவில் பிழைப்பு

"கவர்மெண்ட்டு வீடு குடுத்தாச்சு மேடம். அத வாடகைக்கு விட்டுட்டு மறுபடி இங்கயே வந்து படுத்துக்குறாங்க. பிளாட்பாரம் பழகிப்போச்சு." சென்னை பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில், பிளாட்பாரத்தில் குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டீக்கடையில் சொல்வார்கள், லாரி ஷெட்டில் சொல்வார்கள். போன வாரம் எங்கள் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை வாங்க வந்தவரும் சொன்னார். பில் போட்டுக்கொண்டே அவருக்குப் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் அங்கே ஒரு பேப்பர் மொத்தக் கடையில் பில் போடுபவள். வீடு தண்டையார்பேட்டை. பாரிமுனையில் பஸ் இறங்கி நடக்கிற வழியெல்லாம் குடும்பங்கள்தான். ஸ்கூல் சுவரை ஒட்டி, மூடிய ஷட்டருக்கு முன்னால், டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குப் பக்கத்தில். பிச்சை எடுப்பவர்கள் இல்லை. மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், பூ கட்டுகிறவர், பூண்டு உரிக்கிறவர், கடை கூட்டுகிறவர். எங்கள் கடைக்கு வரும் ரீம் கட்டுகளை லாரியிலிருந்து இறக்குவதே அவர்கள்தான். எனக்கு மனு எழுத வரும் என்று தெரிந்த பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு பாலிதீன் கவரோடு வாசலில் வந்து நிற்பார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணும், ஆதாரில் முகவரி மாத்தணும், விதவை பென்ஷன் நின்னு போச்சு. அந்தக் கவர்களுக்குள் இருந்ததைப் படித்துப் படித்துத்தான் இந்த ஜனங்கள் எப்படி இங்கே வந்தார்கள், ஏன் போகவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ஆயா என்று தெருவே கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா, மழை பொய்த்த ஒரு வருஷம் செய்யாறு பக்கத்திலிருந்து கிளம்பி வந்து இங்கே கை ரிக்‌ஷா இழுத்தவர். 1973-ல் கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்தது. மனுஷனை மனுஷன் இழுக்கும் அந்தக் கொடுமை போனது நல்லதுதான். சைக்கிள் ரிக்‌ஷா வந்தது, அப்புறம் ஆட்டோ வந்தது. ஆயாவைக் கட்டியவர் கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். நகரம் முழுவதும் சாப்பிடும் காய்கறி அப்போது அந்தச் சின்னச் சின்ன சந்துகளில்தான் வந்து இறங்கும். லாரி வரும் நேரத்தில் அங்கே நிற்பவனுக்குத்தான் மூட்டை. ராத்திரி ஒரு மணிக்கு வருமா மூன்று மணிக்கு வருமா தெரியாது. அதனால் வேலை செய்த இடத்திலேயே படுக்கை, படுத்த இடத்திலேயே கல்யாணம், குடும்பம். பிள்ளைகள் எல்லாம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்.

1996-ல் மொத்தக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. வியாபாரிகளுக்கு அங்கே கடை ஒதுக்கினார்கள். மூட்டை தூக்கியவர்களுக்கு யாரும் எதையும் ஒதுக்கவில்லை. வயசுப் பையன்கள் சிலர் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஆயாவின் புருஷனுக்கு அந்த வயசு தாண்டிவிட்டது. பேப்பர் கட்டு, இரும்பு, பிளாஸ்டிக் என்று இந்தத் தெருக்களிலேயே கிடைத்ததைத் தூக்கி, ஒரு நாள் வண்டியிலேயே சரிந்து விழுந்து செத்துப்போனார். இப்போது மகன் மீன்பாடி வண்டி. மருமகள் பூ. பேத்தி மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ.

"எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?" என்று இவர்களைக் கேட்கிறவர்கள் உண்டு. அந்த அம்மா பிறந்ததே இந்த ரோட்டில். ஏசி வைத்த கடைகளில் பாதி அவருக்குப் பின்னால் வந்தவை.

காலை ஒன்பது மணிக்கு நீங்கள் அந்தப் பக்கம் போனால் சுவரோரம் ஒரு நீலத் தார்ப்பாய் மூட்டையும் இரண்டு பிளாஸ்டிக் குடமும்தான் கண்ணில் படும். அதுதான் அந்தக் குடும்பத்தின் வீடு. மூட்டையைச் சுற்றிக் கட்டியிருக்கும் பட்டை எங்கள் கடையில் ரீம் கட்டிலிருந்து அறுத்துப் போடுவது. அதைப் பொறுக்கி வைத்து, முனையை நெருப்பில் காட்டி ஒட்டிக்கொள்வார்கள். உள்ளே போர்வை, இரண்டு பாத்திரம், பேத்தியின் யூனிஃபார்ம், புஸ்தகம். ஒரு தகரப் பெட்டி தனியாகச் சங்கிலி போட்டு ஸ்கூல் கம்பியோடு பூட்டியிருக்கும். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை ஷட்டர்கள் இறங்கிய பிறகுதான் மூட்டையைப் பிரிக்க முடியும். பேக்கிங் கட்டையை வைத்து அடுப்பு மூட்டி, சோறு வடித்து, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். மருமகள் இரண்டரை மணிக்கு எழுந்துகொள்வார். பத்ரியன் தெருவில் உதிரிப் பூ அந்த நேரத்தில் வாங்கினால்தான் விலை கட்டும். கட்டி முடித்து, ஆறு மணிக்குத் தம்புச்செட்டி தெரு காளிகாம்பாள் கோயில் வாசலில் உட்கார்ந்தாக வேண்டும். செவ்வாய், வெள்ளி நல்ல வியாபாரம். மற்ற நாளில் மிஞ்சிய பூவை அரை விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

பெண்களுக்குத் தண்ணியும் கழிப்பறையும்தான் பெரிய பாடு. வெளிச்சம் வருவதற்கு முன் நாலு மணிக்குள் குளித்துவிட வேண்டும். புடவையை மறைப்பாகப் பிடிக்க இன்னொரு பெண் வேண்டும். பக்கத்தில் இருக்கும் கழிப்பறை ஐந்தரைக்குத்தான் திறக்கும். அதுவரை அடக்கிக்கொள்வார்கள். ராத்திரி தண்ணி குடிப்பதையே விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். நீர்க்கடுப்பு, கிட்னியில் கல் என்று அவர்கள் கவர்களில் இருக்கும் ஓ.பி. சீட்டுகளுக்கு இதுதான் காரணம். மாசாமாசம் அந்த நாட்களில் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட லீவு போடுவதில்லை. "ஸ்கூல்லதான் அக்கா பாத்ரூம் இருக்குது" என்றாள். ராத்திரி அவள் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுப்பாள். அவள் தாவணி நுனியை அம்மா தன் முந்தானையோடு முடிந்துகொண்டுதான் கண்ணை மூடுவார். யாராவது இழுத்தால் தெரிய வேண்டும் என்று. இந்தப் பயத்தில்தான் இங்கே பல பெண்களுக்குப் பதினாறு பதினேழிலேயே கல்யாணம் பேசி முடித்துவிடுகிறார்கள். கல்யாணம் ஆனால் இன்னொரு தார்ப்பாய் மூட்டை. குடும்பம் இப்படித்தான் இரண்டாகிறது.

இனி அந்த அட்டை வாங்க வந்தவர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், வீடு கொடுத்தார்கள். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஆரம்பித்தபோது நகரத்துக்குள்ளேயே, ஜனங்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகளைக் கட்டியது. பிற்பாடு நிலத்தின் விலை ஏற ஏற, வீடுகள் தெற்கே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன. 2000-ல் கண்ணகி நகர், சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள், எட்டு மாடி எட்டு மாடியாக. வாரியத்தின் பெயரும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல்.

ஆயாவுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த ஒரு குடும்பத்துக்கு அங்கே வீடு கிடைத்தது. ஆறாவது மாடி. சாவி வாங்கிய அன்று அந்த அக்கா எங்கள் கடைக்கு வந்து ஜாங்கிரி கொடுத்தார். பாத்ரூமுக்குக் கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது என்று கையால் தாழ்ப்பாள் போட்டுக் காட்டினார். வீடு வேண்டாம் என்று நினைக்கிறவர் முகம் அது இல்லை.

பூ வாங்க மூன்று மணிக்குப் பத்ரியன் தெருவில் நிற்க வேண்டுமே, என்ன செய்வார்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ரொம்பப் பெரிய விஷயம் அது, இந்தப் பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது. அதனால் ராத்திரி கடைசி பஸ்ஸில் இங்கே வந்து பழைய இடத்திலேயே முந்தானையை விரித்துப் படுப்பார். பிள்ளைகள் அங்கே ஆறாவது மாடியில் தனியாக. புருஷனுக்கும் இங்கேதான் லோடு. அவரும் தினம் போவதில்லை. பெரிய பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கீழே கூட்டத்தோடு சேர ஆரம்பித்தான். அங்கேயே வேலை தேடலாமே என்று நானும் கேட்டேன். வீட்டு வேலைக்குப் போனார். பெரும்பாக்கம் என்று முகவரி சொன்னதும் இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் கொடுத்த சம்பளம் பூவில் வருவதில் பாதி. பூவுக்கு முதல் போடக் கந்துக்காரரிடம் வாங்கிய பணம் வேறு வாரா வாரம் கட்ட வேண்டும். ஒரு வருஷம் தாக்குப் பிடித்தார்கள். அப்புறம் வீட்டை ஒருத்தருக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் கந்துக் கடனைக் கட்டிக்கொண்டு, இங்கே திரும்பி வந்துவிட்டார்கள். விதிப்படி அது தப்பு, கண்டுபிடித்தால் ஒதுக்கீடு ரத்தாகும். அந்த அக்காவுக்கும் அது தெரியும். தாழ்ப்பாள் போட்டுக் காட்டிய அந்தக் கை இப்போது மறுபடியும் நாலு மணி இருட்டில் இன்னொருத்திக்குப் புடவை பிடிக்கிறது. இதற்குப் பெயர் பழக்கம் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

பக்கத்திலேயே வாடகைக்கு எடுக்கலாமே என்பது அடுத்த கேள்வி. கொண்டித்தோப்பு, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒற்றை ரூம், நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. அதைக்கூட முட்டி மோதிக் கொடுத்துவிடுவார்கள். அட்வான்ஸ்தான் கழுத்தைப் பிடிக்கிறது. மூன்று மாச வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது, 2019-லிருந்து அமலில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இன்னும் பத்து மாசம் கேட்கிறார்கள். மொத்தமாக ஐம்பதாயிரத்தை இந்தக் குடும்பங்கள் எங்கே பார்ப்பது? பார்த்தாலும், "இப்ப எங்க இருக்கீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பதில் சொன்னதும் ரூம் வேறு ஒருத்தருக்குப் பேசி முடிந்துவிடும். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும் உண்டு. அதைக் கேட்டு இல்லை என்று சொன்ன வீடுகளின் வாசல்வரை நான் இரண்டு பேரோடு போயிருக்கிறேன்.

இந்த விஷயம் நாட்டுக்குப் புதுசு இல்லை. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது: இந்த ஜனங்கள் வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் நடைபாதையில் இருக்கிறார்கள், அங்கிருந்து எடுத்தால் பிழைப்பு போகும், பிழைப்பு இல்லாமல் உயிர் வாழும் உரிமைக்கு அர்த்தம் இல்லை என்று. அதே தீர்ப்பு, நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் முடித்தது. நாற்பது வருஷமாக நம் அரசுகள் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கின்றன.

கணக்கும் அப்படித்தான். 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரி நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணினார்கள். நாட்டில் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல், சென்னையில் 16 ஆயிரத்துக்கும் மேல் என்று வந்தது. ஒரே ராத்திரியில் எண்ணினால், லோடு ஏற்றப் போனவர், பூ வாங்கப் போனவர், போலீஸ் வண்டியைப் பார்த்துச் சந்துக்குள் ஒதுங்கினவர் எல்லாம் எண்ணிக்கையில் வருவார்களா? 2021-ல் வர வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய எண்ணை வைத்துத்தான் இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறோம்.

ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. சில இடங்களில் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில், நோயாளியோடு வந்தவர்கள் தங்கும் காப்பகங்கள் எத்தனையோ பேர் ரோட்டில் படுக்காமல் காப்பாற்றுகின்றன. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆயாவின் குடும்பம் அங்கே போனால் மகன் ஒரு இடம், மருமகளும் பேத்தியும் ஒரு இடம். மீன்பாடி வண்டி எங்கே நிற்கும்? அதைத் திருடிக்கொண்டு போனால் யார் பொறுப்பு? "குடும்பத்தப் பிரிச்சு எதுக்குடா கண்ணு கூரை?" என்று ஆயா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரோட்டில் இருக்கிற எல்லோரும் ஆயா குடும்பம் மாதிரி இல்லை. சென்ட்ரல் பக்கம், வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தனி ஆண்கள் நிறைய. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவர்கள், சீசன் இல்லாத மாசத்தில் கோயில் அன்னதானத்தை நம்பி இருக்கிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் சொத்துச் சண்டை, குடி, கடன் என்று கிளம்பி வந்தவர்கள். பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பெரியவர்களும் உண்டு. மனநிலை சரியில்லாமல் அலையும் பெண்களுக்காக 1993-ல் இதே சென்னையில் இரண்டு இளம் பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், பேனியன் அமைப்பை ஆரம்பித்தார்கள். சிகிச்சை கிடைத்து ஊர் பேர் ஞாபகம் வந்து வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் ஏராளம். இவர்களுக்கு வேண்டியது வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எல்லோரையும் ஒரே லாரியில் ஏற்றும்போதுதான் தப்பு நடக்கிறது.

லாரி என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. சில மாசங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலை, பிளாட்பாரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று வந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நோட்டீஸ் கிடையாது. மருமகள் கோயில் வாசலில், மகன் வண்டியில். ஆயா மட்டும் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அந்தத் தகரப் பெட்டியும் போயிற்று. அதற்குள் இருந்தவை: ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகள், பேத்தியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆயாவுடைய புருஷனின் இறப்புச் சான்றிதழ், ஆயாவின் பென்ஷன் பாஸ்புக். ரேஷன் கார்டு இல்லாமல் அரிசி இல்லை, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கும் அந்த அட்டைதான் ஆதாரம். மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் இல்லாமல் அந்தப் பெண் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பம் போடுவாள்? நகல் வாங்கப் போன ஒவ்வொரு அலுவலகத்திலும் முதல் கேள்வி "கதவு எண்?" கடை நம்பரைப் போட்டு, "எதிரில்" என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள், இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். ரேஷன் கார்டு வந்துவிட்டது. மார்க் ஷீட் வந்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு இன்னும் நடக்கிறோம்.

வீடு பக்கத்தில் கட்ட முடியாது, நிலம் இல்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. மூலக்கொத்தளத்தில் கட்டியிருக்கிறார்களே, வண்டியை மிதித்தே வந்து சேரும் தூரம்தானே அது? அதே மாதிரி இந்த வட்டாரத்துக்குள் இன்னும் நாலு இடத்தில் கட்ட வேண்டும், கட்டினால் முதலில் இந்த ரோட்டில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் குடும்பத்தோடு தங்குகிற மாதிரி காப்பகம், வண்டி நிறுத்த இடத்தோடு. கழிப்பறைகளை மூன்று மணிக்கே திறக்க வேண்டும். இதை மனுவாகவும் எழுதி, நடைபாதையில் இருக்கும் குடும்பங்களின் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறோம்.

மனுவுக்குப் பதில் வரும்போது வரட்டும். ஆண்டர்சன் தெரு, பண்டர் தெரு கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ராத்திரி உங்கள் ஷட்டருக்கு முன்னால் படுத்திருக்கிறவர்களால்தான் உங்கள் பூட்டு பத்திரமாக இருக்கிறது, அதற்கு அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைச் சாவியை, விடியற்காலைக்கு மட்டும், உங்கள் கடை லோடுமேன் வீட்டுப் பெண்களிடம் கொடுங்கள். எங்கள் முதலாளி சம்மதித்துவிட்டார், இதுவரை ஒரு குறையும் இல்லை, பெண்களே முறை போட்டுக் கழுவி வைக்கிறார்கள். இரண்டாவது, அவர்களின் சான்றிதழ்களை வைக்க உங்கள் பீரோவில் ஒரு தட்டு. எங்கள் கடையில் குடும்பத்துக்கு ஒரு ஃபைல் போட்டு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எப்படிச் செய்வது என்று கேட்க வேண்டுமானால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் பில் கூட்டம் குறையும். தெருவில் மனு எழுதுற அக்கா என்று கேட்டால் கடையைக் காட்டுவார்கள்.